இறுகிப்போன மேனிஃபோல்டு: எஞ்சின் பட்டறைகளின் ஒரு பழைய வேலை

கார்புரேட்டரில் கலக்கும் காற்றையும் பெட்ரோலையும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதிக்கு இன்டேக் மேனிஃபோல்டு என்று பெயர். எஞ்சினின் மிக எளிய பாகங்களில் இது ஒன்று. இதில் சுழல்வதும் இல்லை, உரசுவதும் இல்லை. சில நட்டுகளும் ஒரு பாக்கிங்கும் சேர்ந்து இதைச் சிலிண்டர் ஹெட்டோடு பிடித்திருக்கின்றன, அவ்வளவுதான். ஆனாலும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் ஓடிய ஒரு காரின் எஞ்சினைப் பிரிக்கும்போது, தொடக்கத்திலேயே கழற்ற வேண்டிய இந்தக் குழாய் அசைய மறுத்து மொத்த வேலையையும் நாட்கணக்கில் நிறுத்திவைப்பது பட்டறைகளில் வழக்கம். துரு அதற்கு ஒரு காரணம் மட்டுமே. பெட்ரோலின் தன்மை, உலோகத்தின் தேர்வு, பாக்கிங்குக்குப் பூசிய பசை, எஞ்சினின் வடிவம் என்று ஒவ்வொரு காலத்திலும் எடுக்கப்பட்ட முடிவுகள் அந்த ஒரு இணைப்பில் வந்து சேர்ந்திருக்கின்றன. எஞ்சின் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து அது இறுகும் விதம் மாறும். கழற்றும் முறையும் மாறும்.

கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டிக்கு ஒரே ஒரு சிலிண்டர். பிரித்துக் கொடுக்க வேண்டிய தேவையே அங்கு எழவில்லை. வில்ஹெல்ம் மேபாக் 1893இல் தெளிப்புமுறைக் கார்புரேட்டரைக் கொண்டுவந்த பிறகு, சிலிண்டர்களின் எண்ணிக்கை இரண்டு, நான்கு, ஆறு என்று கூடியபோதுதான் கிளைக் குழாய்கள் தேவைப்பட்டன. அன்றைய பெட்ரோல் மிக இலேசானது; சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். ஆகவே குழாயைச் சூடாக்க வேண்டியதில்லை. செம்பிலோ பித்தளையிலோ வளைத்துச் செய்த குழாய்கள் எஞ்சினின் குளிர்ந்த பக்கத்தில் நின்றன. பளபளப்பாகத் தேய்த்துவைத்த அந்தக் குழாய்களைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும்.

இந்த நிலையைக் குலைத்தது காரின் வெற்றியேதான். கார்கள் பெருகியபோது கச்சா எண்ணெயில் கிடைத்த இலேசான பகுதி போதவில்லை. சுத்திகரிப்பு ஆலைகள் கனமான பகுதிகளையும் பெட்ரோலோடு சேர்த்தன. அமெரிக்காவில் வில்லியம் பர்ட்டன், கனமான எண்ணெயை அழுத்தத்தில் சூடாக்கி உடைத்துப் பெட்ரோல் ஆக்கும் முறைக்கு 1913இல் காப்புரிமை பெற்றார். பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தது. ஆனால் அது முன்பு போல எளிதில் ஆவியாகவில்லை. குளிர்ந்த குழாயின் உட்சுவரில் துளிகளாக ஒட்டிக்கொண்டு, ஒரு சிலிண்டருக்கு அதிகமாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் போய்ச் சேர்ந்தது. குளிர்காலக் காலையில் எஞ்சின் இருமி இருமி நின்றது.

வடிவமைப்பாளர்கள் கண்ட தீர்வு, எரிந்த புகையின் சூட்டைக் கடன் வாங்குவது. இன்டேக் மேனிஃபோல்டையும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வைத்தார்கள். பல எஞ்சின்களில் கார்புரேட்டருக்கு நேர் கீழே இரண்டையும் ஒட்டவைத்து, அந்த இடத்துக்கு ‘ஹாட் ஸ்பாட்’ என்று பெயரிட்டார்கள். பெட்ரோல் ஆவியாவதற்கு இது நல்ல ஏற்பாடு. கழற்றுகிறவருக்கோ தொல்லை அங்கேதான் தொடங்கியது. வெதுவெதுப்போடு நிற்க வேண்டிய ஒரு குழாய், செக்கச் சிவக்கக் காயும் இன்னொரு குழாயோடு ஆயுள் முழுவதும் கட்டிப்போடப்பட்டது.

1908 முதல் 1927 வரை 1.5 கோடிக்கு மேல் செய்யப்பட்ட ஃபோர்டு மாடல் டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் 2.9 லிட்டர் எஞ்சினில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டையும் ஒரே வரிசை ஸ்டட்களும் (எஞ்சினில் திருகி நிற்கும் மரைத் தண்டுகள்) கிளாம்புகளும் சேர்த்து அழுத்திப் பிடிக்கின்றன. ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறிய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மெல்ல வளைந்துவிடும். வளைந்த வார்ப்பு கிளாம்பை ஒரு பக்கமாக இழுக்க, ஸ்டட்டும் நட்டும் சாய்ந்த நிலையில் துருப்பிடிக்கும். அப்படிப்பட்ட நட்டைப் பலம் கொடுத்துத் திருப்பினால் பெரும்பாலும் ஸ்டட்தான் முறியும். இந்தக் காரில் வேலை பழகிய மெக்கானிக்குகளின் தலைமுறைதான் நட்டைத் திருப்புவதற்கு முன் தட்டுவது, நனைப்பது, காத்திருப்பது என்ற ஒழுங்கைக் கற்றுக்கொண்டது.

துருவின் இயல்பை அறிந்தால் அந்த ஒழுங்கின் காரணம் புரியும். இரும்பு துருவாகும்போது, தான் இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கிறது. நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் இடையே மயிரிழை அளவே இருக்கும் மரை இடைவெளியில் அந்தத் துரு விரிய இடமில்லை. ஆப்பு அடித்தது போல அது இரண்டையும் நெரித்துப் பிடிக்கிறது. எக்ஸாஸ்ட் சூடு இந்த வேலையை விரைவுபடுத்துகிறது. மழையும் ரேடியேட்டர் கசிவும் அதற்கு நீர் வார்க்கின்றன.

அலுமினியம் வந்தபோது சிக்கல் வேறொரு வடிவம் எடுத்தது. எடை குறைவு, வார்ப்பதற்கு எளிது, சூட்டை விரைவில் கடத்தும் என்பதால் மேனிஃபோல்டுக்கு அது ஏற்ற உலோகம். ஆனால் அது உட்காரும் ஹெட் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதைப் பிடிக்கும் ஸ்டட் எஃகு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நீள்கிறது. அரை மீட்டர் நீளமுள்ள மேனிஃபோல்டு 80 டிகிரி செல்சியஸ் சூடேறினால், அலுமினியம் 0.9 மி.மீ. அளவுக்கு நீளும், கீழே உள்ள இரும்பு அதில் பாதிதான் நீளும். காரை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அரை மில்லிமீட்டர் வேறுபாடு பாக்கிங்கை உரசுகிறது, ஸ்டட்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. இதற்கு மேல் மின்வேதி அரிப்பு வேறு. ஈரத்தில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு சிறு பேட்டரி போல இயங்கி, அலுமினியம் கரைந்து வெள்ளைப் பொடியாகிறது. ஸ்டட் துளைக்குள் அந்தப் பொடி இறுகினால் நட்டைக் கழற்றிய பிறகும் மேனிஃபோல்டு வெளியே வராது. 1970இல் வந்த டிரயம்ஃப் ஸ்டாக் காரின் வி8 எஞ்சின் இதற்குப் பெயர்போனது. அதன் அலுமினிய ஹெட்டுகளை இரண்டு வேறு கோணங்களில் நிற்கும் எஃகு ஸ்டட்களும் போல்ட்டுகளும் பிடித்திருந்தன. அரிப்பு ஏறிய ஸ்டட்டில் சிக்கிய ஹெட்டைக் கழற்றுவதற்கென்றே மெக்கானிக்குகள் தனிக் கருவிகள் செய்துகொண்டார்கள்.

இணைப்பில் பூசப்பட்ட பசைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. நீராவி எஞ்சின் காலத்துக் குழாய்க்காரர்கள் செந்தூரம் போலச் சிவந்த ஈயப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து இணைப்புகளில் தடவினார்கள். கார் பட்டறைகள் அதோடு அரக்கையும் எடுத்துக்கொண்டன. சோட்டா நாகபுரிக் காடுகளில் அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் விட்டுச்செல்லும் பிசினைத் திரட்டி, கல்கத்தா துறைமுகம் வழியாக உலகெங்கும் அனுப்பினார்கள். பழைய 78 சுற்று இசைத்தட்டுகளைச் செய்த அதே அரக்கு, ஸ்பிரிட்டில் கரைந்து அமெரிக்க எஞ்சின்களின் பாக்கிங்குகளிலும் பூசப்பட்டது. அரக்கு இறுகினால் கல். ஆனால் சூட்டுக்கு இளகும், ஸ்பிரிட்டுக்குக் கரையும். 1940களுக்கு முந்தைய ஒரு எஞ்சினில் பாக்கிங் ஓரத்தில் பழுப்பான கண்ணாடி போல ஏதாவது தெரிந்தால், பலம் போடுவதற்கு முன் ஸ்பிரிட்டை ஓரம் நெடுகத் தடவிக் காத்திருப்பது பலன் தரும். பிற்பாடு ரோல்ஸ்-ராய்ஸ் விமான எஞ்சின்களுக்காக உருவான ஹைலோமர் எப்போதும் முழுதாக உலராத நீலப் பசை. அதனால் இணைப்பு இறுகுவது குறைந்தது. 1970களுக்குப் பிறகு கார் தொழிலில் பரவிய சிலிகோன் பசை ரப்பர் போல உறைகிறது. அது எந்தக் கரைப்பானுக்கும் எளிதில் மசியாது. கத்தியால் அறுத்துத்தான் பிரிக்க வேண்டும்.

பாக்கிங்கோ நெடுங்காலம் செம்புத் தகட்டுக்குள் வைத்த ஆஸ்பெஸ்டாஸ். சூடு தாங்கும், அமுங்கி உட்காரும் என்பதற்காக அது விரும்பப்பட்டது. அதைச் சுரண்டும்போது பறக்கும் இழைகள் நுரையீரலைக் கெடுக்கும் என்பதை அறியாமலேயே ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் உலர்ந்த பாக்கிங்கைத் தேய்த்து, ஊதித் துடைத்தார்கள். பிரிட்டன் 1999இல்தான் ஆஸ்பெஸ்டாஸை முழுவதும் தடைசெய்தது. பழைய எஞ்சினில் இருக்கும் பாக்கிங்கை ஆஸ்பெஸ்டாஸ் என்றே கருதி, நன்றாக நனைத்து, ஈரமாகவே எடுப்பதுதான் சரி. இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

மேனிஃபோல்டு கழற்றுவதைக் கடுமையான வேலையாக மாற்றியது அமெரிக்க வி8 எஞ்சின். ஃபோர்டு 1932இல் குறைந்த விலைக் காருக்கு 3.6 லிட்டர் வி8 எஞ்சினைக் கொண்டுவந்தபோது, மேனிஃபோல்டு பக்கத்திலிருந்து உச்சிக்கு ஏறியது. இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உட்கார்ந்து, வால்வு அறைக்கு மூடியாகவும் ஆனது. குழாயாக இருந்த பாகம் ஒரு கனமான மூடியாக மாறிவிட்டது. 1955இல் வந்த செவ்ரலேயின் சிறு வி8 எஞ்சினில், சாய்ந்து நிற்கும் இரண்டு ஹெட்டுகளுக்கு நடுவே மேனிஃபோல்டு ஆப்பு போல இறங்குகிறது. 12 போல்ட்டுகள் அதைப் பிடிக்கின்றன. முன்முனையில் குளிர்விக்கும் நீர் அதன் வழியே ஓடுகிறது. நடுவில் எக்ஸாஸ்ட் புகை ஒரு ஹெட்டிலிருந்து இன்னொன்றுக்குக் குறுக்கே கடந்து கார்புரேட்டரின் அடியைச் சூடாக்குகிறது. கீழே டேப்பெட் பள்ளத்திலிருந்து தெறிக்கும் ஆயில் அந்தச் சூட்டில் கரியாகப் பொரிகிறது. நீர், புகை, ஆயில் மூன்றும் ஒரே வார்ப்பைத் தொடுவதால் துரு, கரி, பசை மூன்றும் சேர்ந்தே அதை ஒட்டவைக்கின்றன.

ஃபோர்டின் எஃப்இ வரிசை எஞ்சின்கள் (1958) இதில் எல்லையைத் தொட்டன. அவற்றில் மேனிஃபோல்டு ராக்கர் மூடிக்கு அடியிலும் நுழைந்து, ஹெட்டின் ஒரு பகுதி போலவே அமைந்திருக்கிறது. புஷ்ராடுகள் அதைத் துளைத்துக்கொண்டு போகின்றன. ஆகவே ராக்கர் மூடிகளையும் ராக்கர் அச்சுகளையும் புஷ்ராடுகளையும் எடுக்காமல் மேனிஃபோல்டை எடுக்க முடியாது. வார்ப்பிரும்பில் செய்ததன் எடை 35 கிலோவுக்கு மேல். இருவர் சேர்ந்து தூக்குவதும், சங்கிலி கட்டிக் கப்பியில் இழுப்பதும் அந்த எஞ்சினுக்கு இயல்பானவை.

ஃபோர்டின் முதல் வி8 வந்த சில ஆண்டுகளிலேயே மேனிஃபோல்டைக் கழற்றுவதற்குப் புதிய காரணமும் பிறந்திருந்தது. கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் பழைய ஃபோர்டு கார்களை வேகப் போட்டிக்கு ஓட்டிய இளைஞர்கள், தொழிற்சாலை வைத்த ஒற்றைக் கார்புரேட்டர் மேனிஃபோல்டைத் தூக்கிவிட்டு இரட்டைக் கார்புரேட்டருக்கான அலுமினிய மேனிஃபோல்டை வைத்தார்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் கேரேஜ் நடத்திய விக் எடல்பிராக் 1930களின் இறுதியில் அப்படி ஒன்றை வடிவமைத்தார். அதிலிருந்து ஒரு பெரிய உதிரிபாகத் தொழில் வளர்ந்தது. அதுவரை எஞ்சின் பழுதானால் மட்டும் தொட்ட பாகத்தை, சனி ஞாயிறுகளில் வீட்டுக் கொட்டகையிலேயே கழற்றி மாட்டும் பழக்கம் பரவியது. கழற்றும் நுணுக்கங்கள் பட்டறையை விட்டு வெளியே வந்தது இந்த வழியாகத்தான்.

அந்த நுணுக்கங்களில் முதலாவது, இறுகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் ஏதாவது ஒன்று கழற்றப்படாமல் இருக்கிறதா என்று தேடுவது. செவ்ரலே வி8இல் டிஸ்ட்ரிபியூட்டர் மேனிஃபோல்டின் பின்முனையைத் துளைத்து நிற்கிறது. ரோட்டர் காட்டும் திசையைக் குறித்துக்கொண்டு அதை முதலில் எடுக்க வேண்டும். பான்டியாக் வி8இன் முன்முனையில் டைமிங் மூடியிலிருந்து மேனிஃபோல்டுக்குள் போகும் ஒரு நீண்ட போல்ட் உண்டு. மேலிருந்து பார்ப்பவர் கண்ணில் அது படாது. அதை மறந்து நெம்பி மூடியை உடைத்தவர்கள் பலர். நான்கு சிலிண்டர் பிரிட்டிஷ் எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு அடியில் மறைந்திருக்கும் நட்டுகளைக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துத் தேடுவார்கள். ரேடியேட்டர் நீரை வடிப்பதும் இந்தக் கட்டத்திலேயே நடக்க வேண்டும். இல்லாவிட்டால் மேனிஃபோல்டு எழும் நொடியில் நீர் ஆயிலுக்குள் இறங்கிவிடும்.

அடுத்தது நனைத்தல். பழைய பட்டறைகளில் மண்ணெண்ணெயும் டர்பென்டைனும்தான் மருந்து. இவை மெல்லிய இடுக்குகளில் தாமாகவே ஏறும். அமெரிக்காவில் இதற்கென்று தனித் திரவங்கள் 1930களின் இறுதியிலிருந்து விற்பனைக்கு வந்தன. லிக்விட் ரெஞ்ச் 1941இல் வந்தது. சான் டியேகோவில் 1953இல் உருவான டபிள்யூடி-40 உண்மையில் துரு நீக்கப் பிறந்ததல்ல. அட்லஸ் ஏவுகணையின் மேற்பரப்பிலிருந்து ஈரத்தை விரட்டச் செய்தது. 1958இல்தான் கடைகளுக்கு வந்தது. இறுகிய ஸ்டட்டுக்கு அதைவிட மெலிந்த திரவங்களே மேல். மெல்லிய ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் திரவத்தில் அசிட்டோனைக் கலந்து பயன்படுத்தும் வீட்டு முறையும் நெடுநாள் வழக்கம்; அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அதன் அருகே நெருப்பு கூடாது. எந்தத் திரவமானாலும் ஒரே இரவில் அதிசயம் நடக்காது. இரண்டு மூன்று நாட்கள், நாளுக்கு இரு முறை ஊற்றி, ஒவ்வொரு முறையும் ஸ்டட்டின் தலையில் நேராக இலேசாகத் தட்ட வேண்டும். தட்டும் அதிர்வில் துருவில் வெடிப்பு விழுந்து திரவத்துக்கு வழி கிடைக்கிறது.

ஆக்சி-அசிட்டிலீன் சுவாலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பட்டறைகளுக்கு வந்துவிட்டது. நட்டை மட்டும் சூடாக்கினால் அது ஸ்டட்டைவிடச் சற்று விரிந்து பிடியை விடும். சூடாக இருக்கும்போதே மெழுகுவர்த்தியை மரையில் தொட்டால் உருகிய மெழுகு உள்ளே இழுக்கப்படும். இன்று வரை இதற்கு இணையான மலிவான முறை இல்லை. ஆனால் கார்புரேட்டரும் பெட்ரோல் குழாயும் இருக்கும் இடத்தில் சுவாலையைக் கொண்டுபோவதற்கு முன் அவற்றை முழுவதும் அகற்றியாக வேண்டும். அலுமினியத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இரும்பைப் போல அது சிவந்து எச்சரிக்காது. 660 டிகிரிக்குள்ளாகவே, நிறம் மாறாமல் சரிந்து ஒழுகிவிடும்.

நட்டைத் திருப்பும்போது கழற்றும் திசையில் கால் சுற்று, மீண்டும் இறுக்கும் திசையில் சற்று, மறுபடி கழற்றும் திசையில் என்று முன்னும் பின்னும் ஆட்டினால் துரு பொடியாகி வெளியேறும். ஆறு மூலையும் பிடிக்கும் ரிங் ஸ்பேனர் அல்லது பாக்ஸ் ஸ்பேனர்தான் இதற்கு ஏற்றது. அப்படியும் ஸ்டட் முறிந்தால், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் ஒரு நட்டை வெல்டிங் செய்து திருப்புவார்கள். வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். உள்ளேயே முறிந்தால் நடுவில் துளையிட்டுத் தோண்ட வேண்டும். கெட்டுப்போன மரையைக் காப்பாற்ற, எஃகுச் சுருளைத் திருகி வைக்கும் ஹெலிகாயில் முறை இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களின் அலுமினிய வார்ப்புகளில் பரவி, பிறகு கார் பட்டறைகளுக்கு வந்தது.

எல்லா நட்டும் கழன்ற பிறகும் வார்ப்பு ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கேதான் பெரும் சேதம் நடக்கும். ஸ்க்ரூ டிரைவரைப் பாக்கிங் இடுக்கில் செருகி அடிப்பவர், காற்றுப் புகாமல் உட்கார வேண்டிய முகத்தில் ஒரு தழும்பை உண்டாக்குகிறார். அந்தத் தழும்பு வழியே காற்று கசிந்து எஞ்சின் பிறகு ஒருநாளும் சீராக ஓடாது. மரக்கட்டையை வைத்து அல்லது மரச்சுத்தியலால் வார்ப்பின் கனமான பகுதியில் மாறி மாறித் தட்டுவதும், வார்ப்பிலேயே நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளுக்கு அடியில் மட்டும் கடப்பாரை கொடுத்து நெம்புவதும், மெல்லிய கத்தியை ஓரம் நெடுக ஓட்டிப் பசையை அறுப்பதும் பாதுகாப்பான வழிகள். வி8 எஞ்சினில் மேனிஃபோல்டு எழுந்த உடனே கீழுள்ள பள்ளத்தைத் துணியால் மூடிவிடுவார்கள். உதிரும் கரியும் பாக்கிங் துண்டுகளும் ஆயிலில் கலந்தால் பேரிங்குகள் போய்விடும்.

இந்தியாவில் இந்தக் கலை நீண்ட ஆயுள் பெற்றது. பிரிட்டனில் 1947இல் ஆஸ்டின் ஏ40 காரில் தோன்றிய பி-சீரிஸ் எஞ்சின், 1489 சிசி அளவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடருக்குள் வந்து, பிரிட்டன் அதைக் கைவிட்ட பிறகும் பல ஆண்டுகள் இங்கே ஓடியது. அந்த எஞ்சினின் ஹெட்டில் இரண்டு இன்டேக் வாய்களும் மூன்று எக்ஸாஸ்ட் வாய்களும் ஒரே பக்கத்தில், ஒரே வரிசையில், ஒரே பாக்கிங்கின் கீழ் இருக்கின்றன. இன்டேக் விளிம்பும் எக்ஸாஸ்ட் விளிம்பும் பக்கத்தில் பக்கத்தில் வரும் இடத்தில் ஒரே நட்டு இரண்டையும் அழுத்துகிறது. ஒரு விளிம்பு சற்றே தேய்ந்திருந்தாலும் அங்கே புகை கசியும். கசியும் புகை ஸ்டட்டை எரித்து இறுக்கும். 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் எஞ்சினிலும் இரண்டு மேனிஃபோல்டுகளும் ஒரே பக்கம்தான். புதிய கார் வாங்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்த அந்நாட்களில் ஒரே எஞ்சினைப் பலமுறை பிரித்து மாட்ட வேண்டியிருந்தது. வெடித்த மேனிஃபோல்டைத் தூக்கி எறியாமல் வெல்டிங் வைத்து, லேத் பட்டறையில் முகம் சமப்படுத்தி மறுபடி பூட்டினார்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய கார்களைப் பிரித்து உதிரிபாகம் விற்கும் கடைகளில், ஹெட்டிலிருந்து உடையாமல் கழற்றிய மேனிஃபோல்டுக்குத் தனி மதிப்பு இருந்தது.

1980களில் எலெக்ட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் பரவியபோது இந்தச் சிக்கலின் வேர் அறுந்தது. பெட்ரோல் வால்வின் வாசலிலேயே தெளிக்கப்படுவதால் மேனிஃபோல்டில் போவது வெறும் காற்று; அதைச் சூடாக்கத் தேவையில்லை. எக்ஸாஸ்ட் எதிர்ப்பக்கத்துக்குப் போனது. 1990களில் கண்ணாடியிழை கலந்த நைலான் மேனிஃபோல்டுகள் பெருகின. பாக்கிங்குக்குப் பதில் ரப்பர் வளையங்கள் வந்தன. அம்பாசடரின் தயாரிப்பு 2014இல் நின்றது.

பழைய கார்களைப் பேணுபவர்களிடம் மட்டும் பழைய வேலை மிஞ்சியிருக்கிறது. கழற்றிய மேனிஃபோல்டை மீண்டும் வைக்கும் முறையில், அடுத்து கழற்றப்போகிறவரை அவர்கள் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள். முகம் சமமாக இருக்கிறதா என்று எஃகுச் சட்டம் வைத்துப் பார்க்கிறார்கள். வளைந்திருந்தால் இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ஒன்றாகப் பூட்டியே லேத்துக்கு அனுப்புகிறார்கள். பழைய ஸ்டட்களை மாற்றி, மரையில் செம்பு கலந்த கிரீஸைத் தடவுகிறார்கள். நட்டு மட்டும் பித்தளையில் இருக்கும். எஃகு ஸ்டட்டோடு அது துருவால் ஒட்டிக்கொள்வதில்லை; அப்படியே இறுகினாலும் மென்மையான பித்தளை மரைதான் அழியும், ஸ்டட் முறியாமல் ஹெட்டில் நிற்கும்.